அத்திம்பேரின் கடல் வெளுத்த வருடம்

என் அக்காவின் கணவர் கப்பலை விட்டு இறங்கியது 1994 பங்குனியில். அவரை நான் அத்திம்பேர் என்று கூப்பிடுவேன். கடலை விட்டு எப்போது இறங்கினார் என்று யாராவது கேட்டால் அக்காவின் பதில் தயாராக இருக்கும்: "அவர் எங்க இறங்கினார்? அதையும் கையோட தூக்கிண்டு வந்துட்டாரே!"

அவள் சொன்னது மயிலாப்பூரில் அவர்கள் வீட்டு ஹாலில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியை. நாலடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், கடலடியிலிருந்து வந்த கற்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், கண்ணாடியை நக்கியபடியே நகரும் நத்தைகள். தொட்டி வந்தது 1995 தை மாதம், பொங்கலுக்கு அடுத்த வாரம். அக்கா அதை மாசி மகத்துக்கு அப்புறம் என்று சொல்வாள். நான் திருத்தினால், "இவன் விட்டா அந்த மீனுக்குக்கூட ஜாதகம் கணிப்பான்" என்பாள். நான் திருத்துவதை நிறுத்தவில்லை. வந்தது பொங்கலுக்கு அடுத்த வாரம்தான்.

தொட்டிக்கு முந்தைய பத்து மாதங்களை அந்தத் தெருவே மறந்திருக்காது. இருபத்தைந்து வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர், வருடத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீரில் கழித்தவர், அக்காவின் வற்புறுத்தலில் வேலையை விட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. மிக்ஸியைப் பிரித்தார். பக்கத்து வீட்டு மோட்டாரைப் பிரித்தார். எதிர்வீட்டு இரும்பு கேட் கிறீச்சிடுகிறது என்று கேட்காமலே போய் எண்ணெய் விட்டார். அந்த வீட்டு மாமி, சத்தம் வந்தால்தான் யாரோ வருகிறார்கள் என்று தெரியும், இப்போது தெரிவதில்லை என்று சண்டைக்கு வந்தாள். தொட்டி வந்த பிறகுதான் ஊர் அமைதியானது. காலையில் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அக்காவின் பாட்டு வகுப்புக்குக் குழந்தைகள் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அவர் பார்த்தது மீன்களை அல்ல. கற்களை. அந்தக் கற்களின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பூச்சு இருந்தது. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். முதலில் பார்த்தபோது யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அது ஒரு வகைப் பாசி. மற்ற பாசிகளைப்போல வழவழவென்று இராது. கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு, கல்லோடு கல்லாக இறுகிப்போகும். ஆங்கிலத்தில் கோரலின் என்கிறார்கள். தண்ணீர் சரியாக இருந்தால்தான் அது பரவும். அதனால் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஊதாதான் நற்சான்றிதழ். அத்திம்பேர் அதைக் கப்பல் இன்ஜினின் எண்ணெய் அழுத்தத்தைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார்.

1996 ஆடியில் கற்கள் வெளுக்க ஆரம்பித்தன.

முதலில் ஒரு கல்லின் உச்சியில் தேமல் மாதிரி. ஆடிப்பூரத்துக்குள் அது பக்கத்துக் கற்களுக்கும் பரவியது. ஆடிப் பதினெட்டை ஒட்டி நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு விழுந்தன. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னையான வருடம் அது. "ஊருக்கே பேரை மாத்தறா. கல்லு நிறம் மாறினா என்ன குடிமுழுகிப் போயிடும்?" என்றாள் அக்கா.

முழுகத்தான் பார்த்தது. அதே ஆடியில் பம்பாயிலிருந்து கப்பல் ஏஜென்ட் போன் செய்தார். மாதுங்காவில் வளர்ந்த தமிழர். பழைய கம்பெனி ஒன்று அத்திம்பேரை மறுபடியும் கூப்பிடுகிறது, இரண்டு வருட ஒப்பந்தம் என்றார். அத்திம்பேர் உடனே மறுக்கவில்லை. "சரஸ்வதி பூஜை கழிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அன்று சனிக்கிழமை. நந்தனத்தில் ஆபீஸ் முடிந்து வழக்கம்போல அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இவ்வளவு பெரிய இன்ஜினை ஓட்டினேன். ஒரு கண்ணாடிப் பொட்டியை ஓட்டத் தெரியல. இது பிழைச்சா ஆத்துல இருக்கேன். பிழைக்கலேன்னா எனக்கு இங்க என்ன வேலை? கப்பலுக்கே போறேன்."

"பேஷா போங்கோ. ஹாலாவது காலியாகும். இன்னும் நாலு குழந்தைகள் உக்காரலாம்" என்றாள் அக்கா. சொன்னவள் உடனே உள்ளே போய்விட்டாள். அவள் கையிலிருந்த காப்பி டம்ளர் யாருக்கு என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அதன்பின் அத்திம்பேர் கோளாறைத் தேடத் தொடங்கினார். கப்பலில் ஒரு விதி உண்டு என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். கோளாறு தேடும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அருமையான விதி. அதை அவர் ஒரு வாரம்கூடக் கடைப்பிடிக்கவில்லை.

முதல் சந்தேகம் வெளிச்சத்தின் மேல். சித்திரையில் கூடுதலாக ஒரு டியூப்லைட் போட்டிருந்தார். வெளிச்சம் அதிகமானாலும் அந்தப் பாசி வெளுக்கும். டியூப்லைட்டைக் கழற்றினார். வெளுப்பு நிற்கவில்லை. அடுத்த சந்தேகம் சூடு. மேஜை மின்விசிறியை எடுத்துத் தொட்டிப் பக்கம் திருப்பிவைத்தார். அது பாட்டு வகுப்பின் மின்விசிறி. வியர்த்து வழிந்தபடி ஜண்டை வரிசை பாடிய குழந்தைகள் மீன்களைப் பொறாமையோடு பார்த்தன. "இது எந்த ஊர் நியாயம்? பாடறவாளுக்குக் காத்து இல்லை, நீந்தறவாளுக்குக் காத்து!" என்றாள் அக்கா.

மூன்றாவதாகச் சுண்ணாம்பு. பாசிக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லையோ என்று, கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரைத் துளித்துளியாக விட்டார். அதற்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை எங்கிருந்தோ வாங்கிவந்து, தொட்டிக்கு மேலே ஆணி அடித்துப் பாட்டிலைத் தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றே கேட்டார்கள்.

"சுண்ணாம்பு மட்டும் போட்டா எப்படி? வெத்தலை பாக்கும் வையுங்கோ. நாக்கு சிவக்கற மாதிரி கல்லும் சிவக்கும்" என்றாள் அக்கா.

"கேலி பண்ணு. நான் போனப்புறம் தெரியும்."

"போனப்புறம் என்ன தெரியப்போறது? காத்து வரும், தெரியும்."

ஆவணி வந்தது. கற்களில் பாதிக்குமேல் எலும்பு நிறமாகிவிட்டது. அத்திம்பேருக்குக் கடல் தண்ணீர் மேலேயே சந்தேகம் வந்தது. வழக்கமாகப் பெசன்ட் நகர் கடற்கரையில் எடுப்பார். அங்கே ஆற்று முகத்துவாரம் பக்கம், சாக்கடை கலந்திருக்கும், இனி பாலவாக்கத்துக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். குளத்தங்கரை ஸ்டாண்டில் அவருக்கு வாடிக்கையான ஆட்டோ ஒன்று உண்டு. அதன் டிரைவர் பிளாஸ்டிக் கேன்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், மறுபடியும் உப்புத் தண்ணியா? என் வண்டி துரு புடிச்சுக்கினு வருது சார். போன தபா சிந்தினது இன்னும் காயல."

"இந்தத் தடவை மூடி எல்லாம் இறுக்கமா போட்டிருக்கேன்."

"அதான் போன தபாவும் சொன்னே. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கடலு இங்கியே கீது. காசா பணமா? சாயந்தரமானா வந்து பாத்துட்டுப் போயேன். அத்த ஏன் கேன்ல ரொப்பிக்கினு வூட்டுக்குத் தூக்கினு போற?"

அத்திம்பேர் கோரலின் பாசியைப் பற்றித் திருவான்மியூர் வரும்வரை விளக்கினார். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பாலவாக்கத்தில் அத்திம்பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைகளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டார். கடலுக்குள் இடுப்பளவு நின்றபோது அவர் முகம் தெளிந்திருந்தது. கேன் நிறைந்த பிறகும் உடனே கரைக்கு வரவில்லை. தூரத்தில் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அவருக்குத் திடீரென்று இன்னொன்று தோன்றியது.

"கடல் தண்ணி இல்லடா. நல்ல தண்ணி!"

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் குறைந்ததை ஈடுகட்டக் கடல் நீரை விடக்கூடாது, உப்பில்லாத தண்ணீரைத்தான் விடவேண்டும். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரை அத்திம்பேர் நம்பவில்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை மந்தைவெளியில் ஒரு பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கினார். ஆரம்பத்தில் தானே ஊற்றினார். அவர் ஊற்றினால் பாதி தரையில் சிந்தும். வகுப்புக்கு வரும் குழந்தைகள் வழுக்கி விழுகின்றன என்று சொல்லி, சித்திரையில் அக்கா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். "வாங்கறதும் ஊத்தறதும் இனிமே என் பொறுப்பு. நீங்க பார்க்குக்கு நடந்துட்டு வாங்கோ" என்றாள். கப்பலில் ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தால் அது நடந்துவிடும், பிறகு அதைக் கேட்பது அவருக்கு அவமானம். அத்திம்பேரும் கேட்கவில்லை. சமையலறைப் பக்கத்துக் கேன் எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது. சப்ளை நன்றாக நடக்கிறது என்று திருப்தியாக இருந்தார்.

"அந்தக் கடைக்காரன் எதையோ கலக்கறான். வண்டியை மந்தைவெளிக்கு விடுப்பா" என்றார் இப்போது.

கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஈர வேட்டியோடு அத்திம்பேர் இறங்கிப்போன வேகத்தைப் பார்த்து, டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"உங்க தண்ணியில என்னமோ கலந்திருக்கு. என் தொட்டி மொத்தமும் வெளுத்துப் போச்சு. நத்தை எல்லாம் செத்துப் போச்சு" என்றார் அத்திம்பேர்.

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "எப்ப வாங்கின தண்ணி சார்?"

"எப்பவும் உங்ககிட்டதானே வாங்கறது!"

"இன்னா சார் சொல்ற நீ? சித்திரைக்கு முன்ன ஒரு கேன் எடுத்துக்கினு போனே. அத்தோட சரி. வூட்டாண்டயிருந்தும் யாரும் வர்ல. வாரா வாரம் வந்துக்கினு இருந்த ஆளு, திரும்பக் கப்பலுக்குப் பூட்டாருன்னுல்ல நான் நினைச்சுக்கினு கீறேன்!"

அத்திம்பேரின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தண்ணியே வாங்காத கடையாண்ட வந்து தண்ணி சரியில்லன்னு சண்ட போட்ட ஆளு இந்த மெட்ராஸ்லயே நீ ஒருத்தர்தான் சார்."

"சென்னை" என்றேன் நான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் வர்ணம் பாடிக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேர் வாசலிலிருந்தே, "தொட்டிக்கு நீ என்ன தண்ணி ஊத்தறே?" என்றார். அக்கா தாளத்தை நிறுத்தாமல், "அஞ்சு நிமிஷம் இருங்கோ. கடல் எங்கயும் ஓடிடாது" என்றாள். அவர் நின்றுகொண்டே வர்ணத்தின் சரணத்தை முழுக்கக் கேட்டார். பெண்கள் போனார்கள்.

"இப்ப சொல்லு. என்ன தண்ணி?"

"நல்ல தண்ணிதான்."

"நல்ல தண்ணின்னா?"

"நம்மாத்துல இருக்கறதுலேயே நல்ல தண்ணி. வேறென்ன?"

அவள் கை காட்டிய இடத்தில் சமையலறை மேடை மேல் செப்புக் குடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து, புதுக் காசு மாதிரி பளபளவென்று வைத்திருப்பாள். தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ராத்திரி முழுக்க அதில் வைத்து, காலையில் எடுப்பாள். குடிக்க அந்தத் தண்ணீர், சுவாமிக்கும் அந்தத் தண்ணீர். சித்திரையிலிருந்து தொட்டிக்கும் அந்தத் தண்ணீர்.

"பேட்டரிக்கு ஊத்தறதைப் போய் உயிருள்ளதுக்கு யாராவது ஊத்துவாளா? அதுல ஒரு சத்தும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னேள்? செப்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு எவ்வளவு நல்லது! கேன்ல இருந்ததைத் தொடவே இல்லை, அப்படியே வெச்சிருக்கேன். வேணும்னா பேட்டரிக்கு ஊத்திக்கோங்கோ."

அத்திம்பேருக்கு உட்காரவேண்டும்போல் இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த சுருதிப் பெட்டியின் மேல் உட்காரப் போனார். அக்கா சட்டென்று அதை இழுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"என்ன சிரிப்பு? சொல்லிட்டுச் சிரிங்கோ."

"கப்பல் அடியில பாசி பிடிக்காம இருக்கறதுக்கு என்ன பூசுவா தெரியுமோடி? செம்பு! செம்பு கலந்த பெயின்ட். பாசியும் ஒட்டாது, சிப்பியும் ஒட்டாது. இருபத்தஞ்சு வருஷம் நானே பக்கத்துல நின்னு பூச வெச்சிருக்கேன். மீன் கொஞ்சம் தாங்கும். நத்தை தாங்காது, பாசி தாங்காது. நத்தை செத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் என்னடான்னா, கல்லுக்குக் குளுக்கோஸ் ஏத்திண்டிருக்கேன்!"

அக்கா சிரிக்கவில்லை. குடத்தையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். "நானா கொன்னேன்?" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கேலி செய்யாத அக்காவை அந்த வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை.

அத்திம்பேரின் சிரிப்பு நின்றது. "அது கிடக்கட்டும். தொட்டி போனா ஹால் காலியாகும்னு நாளைக்கு நாலு தடவை சொல்றே. அப்புறம் எதுக்கு உன் குடத்துத் தண்ணியைத் தினம் இதுக்கு ஊத்தினே?"

அக்கா குழந்தைகள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"சித்திரையில உங்க பழைய கப்பல்காரர் ஒருத்தர் வந்துட்டுப் போனாரே, அன்னிலேர்ந்து நீங்க மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாத்துண்டு நிக்க ஆரம்பிச்சேள். இந்தத் தொட்டி நன்னா இருந்தா நீங்க ஆத்துல இருப்பேள்னு தோணித்து. நன்னா இருக்கட்டும்னு நல்லதா ஊத்தினேன். அதுக்கு நல்லது ஆகாதுன்னு எனக்கென்ன தெரியும்?"

அத்திம்பேர் எழுந்து தொட்டிப் பக்கம் போனார். குளுக்கோஸ் குழாயை நோண்டினார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நான் கேன்களை இறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன்பின் வாராவாரம் பாலவாக்கம்தான். பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புதுக் கடல் நீரை ஊற்றினோம். மிச்சச் செம்பை இழுக்கட்டும் என்று வடிகட்டியில் கரி போட்டார். அக்கா தானே மந்தைவெளிக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்தாள். "அந்தாள் என்னை ஒரு மாதிரி பாக்கறான்டா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். இவ்வளவும் செய்தும் கற்கள் வெள்ளையாகவே இருந்தன. செத்த பூச்சு திரும்ப உயிர் பெறாது, எங்கோ இடுக்கில் மிச்சம் இருந்தால் அங்கிருந்துதான் புதிதாகப் பரவவேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று நான் படித்ததைச் சொன்னேன். "நல்ல வார்த்தை சொல்ல வந்துட்டான்" என்றாள் அக்கா. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் ஊதா திரும்பாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

நவராத்திரி வந்தது. கொலுப்படி தொட்டிக்குப் பக்கத்திலேயே அமைந்தது, வேறு இடம் இல்லை. வந்தவர்கள் தொட்டியும் கொலுவில் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். ஒரு மாமி பக்தியோடு குங்குமத்தைத் தண்ணீரில் போடப்போனாள். அத்திம்பேர் கையை நீட்டித் தடுத்து, மீனுக்குப் போட்டுவிடுவாளோ என்று கையிலிருந்த சுண்டலையும் வாங்கிக்கொண்டார். சரஸ்வதி பூஜையன்று அக்காவின் சுருதிப் பெட்டி, என் பேனா, அத்திம்பேரின் ஸ்பானர்கள் எல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. தண்ணீரின் உப்பை அளக்கும் கண்ணாடிக் குழலையும் அக்கா எடுத்து வைத்துவிட்டாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. எனவே அவர் அளக்க முடியாமல் நாள் முழுக்கத் தொட்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகப் பாட்டு ஆரம்பிக்க ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார்கள். அக்கா அவளுக்கு முதல் ஸா சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது போன் அடித்தது. பம்பாய். அத்திம்பேர் எடுத்தார். ஏஜென்டின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. எஸ்.டி.டி.யில் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கத்துவார்கள்.

"என்ன சார், டிக்கெட் போட்டுடலாமா?"

அத்திம்பேர் கற்களைப் பார்த்தார். அவை பழைய எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"இல்லை சார். வரமுடியாது. ஆத்துல ஒரு வேலை பாதியில நிக்கறது."

"என்ன வேலை? முடிச்சுட்டு வாங்கோ, ஒரு மாசம் தள்ளிச் சொல்லிப் பாக்கறேன்."

"ஒரு மாசத்துல முடியாது. வெள்ளையா இருக்கற கல்லு ஊதாவா ஆகணும். ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

ஏஜென்ட் இப்போது கத்தாமல், மிகவும் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அத்திம்பேர், "உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு சார்" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

அக்கா திரும்பவில்லை. சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துத் தொடையில் தாளம் போடவைத்துக்கொண்டிருந்தவள், அந்தக் கையை விடாமலே கேட்டாள்:

"ஊதாவா ஆனப்புறம்?"

"ஆனப்புறம் மறுபடியும் வெளுக்காம பாத்துக்கணுமே" என்றார் அத்திம்பேர்.

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்போ சரி" என்றாள். பிறகு குழந்தையின் பக்கம் குனிந்து, "ம், நீ சொல்லு. ஸா" என்றாள்.